தாய்மாமன் இடத்தில் உட்கார்ந்த சப்-இன்ஸ்பெக்டர்

புதிதாகத் தனிப்படைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் இன்ஸ்பெக்டர் கேட்டார். நேரில் வந்து பேசச் சொன்னால் மதியச் சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து விழுங்கிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் எழுதச் சொல்லியிருக்கிறார். பரவாயில்லை, எழுத்தில் ஒரு வசதி இருக்கிறது. நடுவில் யாரும் கொட்டாவி விட்டால் எனக்குத் தெரியாது.

என்னைப் பார்க்கிற இளைஞர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேஸைத்தான். "சிதம்பரத்துல காதுகுத்து வீட்டுல வச்சு அந்த ரவுடிய எப்படி சார் புடிச்சீங்க?" பேப்பரில் வந்த கதை உங்களுக்குத் தெரியும். மாறுவேடத்தில் போனோம், மடக்கினோம், ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அது பொய்யில்லை. ஆனால் அதில் நான் செய்த இரண்டு தப்புகள் பேப்பரில் வரவில்லை. உங்களுக்குப் பயன்படப்போவது அந்த இரண்டும்தான் என்பதால் அவற்றை மட்டும் எழுதுகிறேன்.

அவன் பெயரை வேலு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கொலை, எண்ணிக்கையில் அடங்காத வெட்டுக்குத்து. அவன் பெயரைச் சொன்னால் சாட்சி சொல்ல வந்தவர்கள் கோர்ட் வாசலிலேயே பஸ் பிடித்துத் திரும்பிவிடுவார்கள். மூன்று மாதம் தேடினோம். அண்ணாகிராமம் பக்கத்து முந்திரித் தோப்புகளில்தான் பதுங்கியிருக்கிறான் என்று தெரியும். ஆனால் முந்திரித் தோப்பில் தேடிப் பார்த்திருக்கிறீர்களா? கிளை தரையைத் தொட்டுக் கிடக்கும். கீழே முழுக்கச் சருகு. நாம் பத்தடி வைப்பதற்குள் அவனுக்கு நம் வருகை கேட்டுவிடும். தோப்புக்குத் தோப்பு மாறிக்கொண்டே இருந்தான். அவனிடம் ஃபோன் கிடையாது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. டவர் டவர் என்று நாங்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கண் வீங்கியதுதான் மிச்சம்.

நான் அப்போது சப்-இன்ஸ்பெக்டர். வேறு மாவட்டத்திலிருந்து புதிதாக வந்திருந்தேன். என் முகம் அவனுக்குத் தெரியாது என்பது ஒன்றுதான் எனக்கிருந்த தகுதி. எங்கள் படையில் ஓர் ஏட்டையா இருந்தார். பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார், ரிட்டயர் ஆன பிறகும் அவருக்கு விளம்பரம் பிடிக்காது. அவர் வாயைத் திறப்பது வெற்றிலை போடவும், எனக்குப் புத்தி சொல்லவும் மட்டும்தான்.

வேலுவுக்கு இந்த உலகத்தில் ஒட்டியிருந்த ஒரே சொந்தம் அவன் அக்கா செல்வி. பரங்கிப்பேட்டையில் வாடகை வீட்டில் இருந்தார். கணவர் வெளிநாட்டில் வேலை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தனியாக இருந்த அந்தப் பெண்மணியின் வீட்டுக் கதவை மாற்றி மாற்றித் தட்டினோம். விசாரணை என்றால் அப்படித்தான். தெருவே எட்டிப் பார்க்கும். அவர் ஒருமுறைகூட எங்களைத் திட்டவில்லை. நான் மூன்றாவது முறை போனபோது, குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"சார், அவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது. ஆனா எங்க வருவான்னு தெரியும். சொன்னா உசுரோட புடிப்பீங்களா?"

"புடிப்போம்மா."

"புடிப்போம்னு சொல்லாதீங்க. புடிப்பேன்னு சொல்லுங்க."

"புடிப்பேன்," என்றேன்.

எந்த அதிகாரத்தில் சொன்னேன்? ஒரு அதிகாரமும் இல்லை. கையில் கத்தி வைத்திருக்கிறவனைப் பிடிக்கப் போகும் இடத்தில் யார் உயிருக்கும் யாரும் பொறுப்பு எழுதிக் கொடுக்க முடியாது. எங்கள் டி.எஸ்.பி.யே அப்படி ஒரு வார்த்தை கொடுத்திருக்க மாட்டார். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது வேறு பதில் வாயில் வரவில்லை.

விஷயம் இதுதான். குழந்தைக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். சிதம்பரத்தில், கீழ வீதிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபம். கணவரின் அண்ணன்தான் எல்லாம் முன்னின்று செய்கிறார். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்த வேண்டும்? அண்ணாகிராமத்திலிருந்து வண்டியில் பலாப்பழம் கொண்டுவந்து விற்கும் ஒருவர் மூலமாக வேலு சேதி அனுப்பியிருந்தான். "எவன் குறுக்க வந்தாலும் என் அக்கா புள்ள என் மடியிலதான் உக்காரும்." அந்தச் சேதி தெரிந்தவர்கள் உலகத்தில் மொத்தம் மூன்று பேர். வேலு, பலாப்பழக்காரர், செல்வி. இப்போது நான்காவதாக நான்.

"நான்தான் சொன்னேன்னு அவனுக்குத் தெரியக் கூடாது சார்," என்று செல்வி கேட்டுக்கொண்டார். அதற்கும் தலையாட்டினேன். தலையாட்டுவதற்குத்தான் காசு செலவில்லையே.

அன்று ஞாயிற்றுக்கிழமை. முகூர்த்தம் பத்தரை மணிக்கு மேல். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் ஆரம்பம், அதற்குள் முடிக்க வேண்டும். டி.எஸ்.பி. பக்கத்துத் தெருவில் வேனில் ஆட்களோடு இருந்தார். வாசலில் இரண்டு பேர், பந்தல்காரன் ஆட்கள் போல. ஏட்டையா பின்பக்கம் சமையல் கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மண்டபத்துக்குள் நான் ஒருவன்.

உள்ளே போகுமுன் ஏட்டையா என் காலைப் பார்த்தார். பிரவுன் ஷூ. "சார், அத கழட்டிப்புட்டு செருப்ப மாட்டுங்க. போலீஸ்காரனுக்கு மொகத்த விட கால்தான் ஜாஸ்தி காட்டிக் குடுக்கும்," என்றார். தன் செருப்பையே கொடுத்தார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார். "எவனாவது யாருன்னு கேட்டா, வேலைய பொய் சொல்லுங்க. வீடியோ எடுக்க வந்தேன், ஜெனரேட்டர் பாக்க வந்தேன், எத வேணா சொல்லுங்க. மொறைய மட்டும் பொய் சொல்லாதீங்க."

சரி சரி என்றேன். எனக்கா சொல்லித் தர வேண்டும் என்ற நினைப்பு.

மண்டபத்துக்குள் நுழைந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. கணவரின் அண்ணன், அதாவது குழந்தையின் பெரியப்பா, பட்டு வேட்டியும் வேர்த்த முகமுமாக என் முன்னால் வந்து நின்றார். கையில் மைக். வாய் நிறையச் சிரிப்பு.

"வாங்க, வாங்க. யாரு வூட்டுப் பக்கங்க நீங்க?"

ஒரு நொடி யோசித்தேன். வீடியோகாரர் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார். ஜெனரேட்டர் இருக்கிறதா என்றே தெரியாது. அப்பா வழிச் சொந்தம் என்றால் இவருக்குத் தெரியாத சொந்தம் இருக்குமா? செல்வி வழியில் வந்தவர்கள் மிகக் குறைவு. தம்பியால் வந்த அவமானத்தில் பாதிப் பேர் வரவில்லை. அதனால் மகா புத்திசாலித்தனமாக ஒன்றைச் சொன்னேன்.

"பொண்ணு வழிங்க. செல்விக்கு அண்ணன் மொற."

இதுதான் முதல் தப்பு. சொன்ன உடனே எனக்கு எதுவும் தோன்றவில்லை. நீங்கள் கணக்குப் போட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

"அடேடே, மச்சானா!" என்று அவர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். தோளில் ஒரு துண்டைப் போட்டார். முன் வரிசையில் நாற்காலி கொடுத்து, ரோஸ்மில்க் வரவழைத்தார். நானும் நம் வேஷம் பலித்துவிட்டது என்று உறிஞ்சிக் குடித்தேன்.

பதினொன்று ஆனது. வேலு வரவில்லை. பதினொன்றே கால். குழந்தை மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அழுது தூங்கி மறுபடி எழுந்துவிட்டது. பத்தர் ஊசியையும் தங்கக் கம்பியையும் தட்டில் வைத்துக்கொண்டு நூறு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். இருபது நிமிடம்கூடக் காத்திருக்க முடியாது, சிதம்பரத்திலேயே இன்னொரு வீடு இருக்கிறது என்றார். செல்வியின் முகத்தில் ரத்தமே இல்லை. தம்பி வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம்.

பெரியப்பா மைக்கைப் பிடித்தார். "தாய்மாமன் வரதுக்கு லேட்டாவுது. எமகண்டம் வந்துரும். மொற உள்ளவங்க உக்காந்தா போதும், தாய்மாமன் மொறைக்கு மச்சான் இங்கதான இருக்காரு! வாங்க மச்சான், மேடைக்கு வாங்க!"

மண்டபமே என்னைப் பார்த்தது. ரோஸ்மில்க் டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. செல்விக்கு அண்ணன் முறை என்றால் குழந்தைக்கு நான் மாமன். அந்தக் கணக்கு என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மாட்டேன் என்று சொன்னால் அது சொந்தத்துக்குள் பெரிய அவமானம், சண்டை வரும், யார் நீ என்ற கேள்வி வரும். நான்கு பேர் கையைப் பிடித்து இழுத்து மணையில் உட்கார வைத்துவிட்டார்கள். குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள்.

எதிரில் ஸ்டாண்டில் ஒரு ஃபோன். வெளிநாட்டிலிருந்து குழந்தையின் அப்பா வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தார். "யாரு செல்வி இது? நான் பாத்ததே இல்லையே?" என்றார் அவர்.

"எங்க பெரிப்பா மவன்ங்க. மெட்ராஸ்ல இருக்காரு," என்றார் செல்வி, குரல் கொஞ்சமும் நடுங்காமல்.

குழந்தை என் சட்டைப் பட்டனைப் பிடித்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தது. நானும் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன்தான், அவர்களுக்குக் காது குத்தியபோது டியூட்டியில் இருந்தேன். பத்தர் முதல் காதைக் குத்தினார். குழந்தை வீரிட்டது. சரியாக அப்போதுதான் சமையல் கட்டுப் பக்கத்துக் கதவு வழியாக வேலு உள்ளே வந்தான்.

எங்கள் ஃபோன்களில் இருந்த படத்தில் சுருட்டை முடி, தடித்த கன்னம். வந்தவன் மொட்டை அடித்து, வற்றிப்போய், புது வெள்ளைச் சட்டையில் இருந்தான். கையில் தாம்பாளம், பட்டுப் பாவாடை, பழம். செல்வியின் முகத்தைப் பார்த்துத்தான் அவன் என்று புரிந்துகொண்டேன். அவனுக்கு நான்கடி பின்னால் ஏட்டையா, கையில் சாம்பார்க் கரண்டியோடு. சமையல் கட்டிலேயே அவர் மடக்கியிருக்கலாம். சுற்றிலும் கொதிக்கிற அண்டா, வேலை செய்யும் பெண்கள். வேண்டாம் என்று விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்திருக்கிறார். அதற்குள் வாசலில் இருந்த எங்கள் ஆட்கள் கதவைச் சாத்தியிருந்தார்கள்.

"தாய்மாமன் வந்துட்டாரு!" என்று மைக்கில் சத்தம். "எழுந்திருங்க மச்சான், புள்ளைய அவருகிட்ட குடுங்க. இன்னொரு காது அவரு மடியில குத்தட்டும்."

தம்பிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் வகுப்பில் துப்பாக்கி பிடிக்கச் சொல்லித் தருவார்கள், எதிராளி கத்தியை ஓங்கினால் கையை எப்படி முறுக்குவது என்று சொல்லித் தருவார்கள். இதைச் சொல்லித் தர மாட்டார்கள். இரண்டு கொலை செய்தவன் மூன்றடி தூரத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். நூற்றுக்கணக்கான பேர், கொடு கொடு என்கிறார்கள். கொடுத்தால் அந்தக் குழந்தை அவன் கேடயம். நம் யாராலும் கிட்டே போக முடியாது. கொடுக்காவிட்டால் நான் யார் என்று அந்த நொடியே தெரியும், அவன் இடுப்புக்குக் கை போகும், அப்போதும் குழந்தை என் மடியில்தான். வேனில் இருக்கிறவர்கள் உள்ளே ஓடி வருவார்கள். பிறகு நடப்பது யார் கையிலும் இல்லை. உயிரோடு பிடிப்பேன் என்று நான் சொன்ன ஆளின் அக்கா எனக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

அவன் இடுப்பில் சட்டை புடைத்திருந்தது.

நான் எழுந்திருக்கவில்லை. குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கிற குரலில், சொந்தக்காரன் பேசுவது மாதிரியே சொன்னேன்.

"வா தம்பி. புள்ள மடியில உக்காரணும்ல, குத்திரும். இடுப்புல இருக்கறத அக்காகிட்ட குடுத்துட்டு உக்காரு."

அவன் என்னைப் பார்த்தான். திரும்பி ஏட்டையாவைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். ஒரு பக்கக் காதில் ரத்தப் பொட்டோடு தேம்பிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தான். எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பெரியப்பா "சீக்கிரம், சீக்கிரம்" என்று மைக்கில் கத்திக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

தாம்பாளத்தைக் கீழே வைத்தான். சட்டைக்குள் கைவிட்டுத் துண்டில் சுற்றிய கத்தியை எடுத்தான். செல்வி இரண்டு கையையும் நீட்டி வாங்கி, முந்தானையால் மூடித் தாம்பாளத்துப் பட்டுத் துணிக்கு அடியில் வைத்தார். எல்லாம் மூச்சு விடும் நேரத்தில் முடிந்துவிட்டது. சுற்றி இருந்தவர்கள் ஏதோ நகை என்று நினைத்திருப்பார்கள்.

அவன் உட்கார்ந்தான். நான் குழந்தையை அவன் மடியில் வைத்தேன். அவன் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். இன்னொரு கத்தி இருந்திருந்தால்? இந்தக் கேள்வியை டி.எஸ்.பி. அன்று மாலை கேட்டார், எழுத்திலும் கேட்டார். சோதித்துப் பார்க்காமல் கொடுத்தேன் என்பதுதான் உண்மை. அவன் குழந்தையின் கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டான். பத்தர் இரண்டாவது காதைக் குத்தினார். குழந்தையைவிட அவன்தான் அதிகமாக முகத்தைச் சுளித்தான்.

குழந்தையை அக்காவிடம் கொடுத்துவிட்டு எழுந்தான். "வா தம்பி, சாப்புடலாம்," என்று அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். பந்திக்குப் போகிற சொந்தக்காரர்கள் மாதிரி இரண்டு பேரும் சமையல் கட்டு வழியாகப் பின்பக்கம் போனோம். ஏட்டையா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் வந்தார். பேப்பரில் வந்த கதை இத்துடன் முடிகிறது.

இனி என் இரண்டாவது தப்பு.

கேஸ் கடலூரில் என்பதால் அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கடலூருக்குக் கிளம்பினோம். டி.எஸ்.பி.யின் வண்டி முன்னால் போய்விட்டது. வெள்ளாற்றுப் பாலம் தாண்டினோம். வேலு மெதுவாகக் கேட்டான்.

"சார், யாரு சொன்னது?"

"உன் ஃபோன் டவர வச்சுப் புடிச்சோம்," என்றேன், கூச்சமே இல்லாமல்.

அவன் சிரித்துவிட்டான். "நான் ஃபோன தூக்கிப் போட்டு மூணு மாசம் ஆவுது சார்."

ஏட்டையா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"ரெண்டு பேருக்குத்தான் சார் தெரியும்," என்றான் வேலு. "ஒண்ணு அக்கா. அது செய்யாது. அப்ப பலாப்பழக்காரன்தான். கூடவே இருந்து சோறு தின்னவன். பரவால்ல. கடலூர்ல வக்கீலு நிப்பாரு, பசங்க நிப்பானுங்க. ஒரு வார்த்த சொன்னா போதும், மிச்சத்த அவனுங்க பாத்துப்பானுங்க."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது மாதிரி சொன்னான்.

மேடையில் நான் "அக்காகிட்ட குடு" என்று சொன்னேன் அல்லவா? ஏன் அப்படிச் சொன்னேன்? "கீழ வை" என்று சொல்லியிருக்கலாம். ஏட்டையாவிடம் கொடு என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அவர் மேல் நம்பிக்கை இருந்ததால் என் வாய் அவரைச் சொன்னது. அவரும் திடுக்கிடாமல் கையை நீட்டிவிட்டார். தம்பி இடுப்பிலிருந்து கத்தி வரும்போது ஒன்றும் தெரியாத அக்கா அப்படி நீட்டுவாரா? காட்டிக் கொடுக்க மாட்டேன் என்று தலையாட்டிய நானே, அத்தனை பேர் நடுவில் அவரைக் காட்டிக் கொடுத்துவிட்டேன். வேலு அதைப் பார்த்தானா, பார்க்கவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அவன் பலாப்பழக்காரர் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் செல்வியின் ரகசியம் பத்திரம். ஒரு பாவமும் அறியாத பலாப்பழக்காரர் ஒரு வாரத்தில் பிணம். அவருக்குப் பாதுகாப்புப் போடலாமே என்பீர்கள். எத்தனை நாளைக்கு? தெருத் தெருவாக வண்டி தள்ளிக்கொண்டு போகிறவருக்கு எந்தத் தெருவில் காவல் வைப்பீர்கள்? சொல்லிவிட்டால் அவர் பிழைப்பார். செல்விக்கு நான் கொடுத்த வார்த்தை போகும். சொன்னவர் பெயரை வெளியே விடாதே என்பது நம் தொழிலில் முதல் பாடம். அதை மீறியவனுக்கு அப்புறம் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

புதுச்சத்திரம் தாண்டியிருந்தோம். சிப்காட் கட்டடங்கள் கண்ணில் பட ஆரம்பித்தால் கடலூர் வந்த மாதிரிதான். ஏட்டையா டிரைவர் தோளைத் தட்டினார். "ஓரமா நிறுத்துப்பா, டீ குடிக்கணும்." டீ குடிக்கிற பழக்கமே இல்லாத மனிதர் அவர். எல்லோரையும் இறக்கி ஜீப்பைச் சுற்றி நிற்க வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார். "சார் உள்ள இருக்கட்டும்."

உள்ளே வேலுவும் நானும். அவன் கையில் விலங்கு. நான் சொன்னேன்.

"பலாப்பழக்காரன் இல்ல. உங்க அக்காதான் சொன்னாங்க. உசுரோட புடிப்பேன்னு என்கிட்ட வார்த்த வாங்கிகினு சொன்னாங்க. வேற ஒண்ணுமே கேக்கல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது.

"அது கைய நீட்டுச்சு பாருங்க, அப்பவே தெரியும் சார். தெரியாத மாரியே இருந்துக்கலாம்னு பாத்தேன். நீங்க சொல்லிருக்கக் கூடாது."

என்னைத் திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், அக்காவை நம்பிக்கொண்டிருப்பதற்காக இன்னொரு உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்திருக்கிறான். கொடூரமானவன்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்த நிமிடம் அவனைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

பலாப்பழக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னும் விற்கிறார். தன் உயிர் ஒரு டீ குடிக்கிற நேரம் ஊசலாடியது அவருக்குத் தெரியாது. வேலுவுக்கு ஆயுள் தண்டனை ஆனது. எனக்கு ஒரு பாராட்டும், குழந்தையைக் கொடுத்ததற்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோவும் ஒரே வாரத்தில் வந்தன. இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

செல்வியிடம் மட்டும் போகவில்லை. வெட்கம்தான் காரணம். நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு வருடம் ஓட்டினேன். அதற்குள் ஏட்டையா ஒருநாள் ஃபோனில் சொன்னார். அந்த அம்மா வாராவாரம் ஜெயிலுக்குப் போய் மனு போடுகிறார், தம்பி பார்க்க வர மாட்டேன் என்கிறான், ஏன் என்றே தெரியாமல் திரும்பிப் போகிறார். "நீங்கதான் சார் சொல்லணும்," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

போனேன். பரங்கிப்பேட்டையில் அதே வீடு. குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, செல்வி கையில் பையோடு வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மேடையில் என் வாய் செய்த தப்பையும் சொன்னேன், ஜீப்பில் தெரிந்தே சொன்னதையும் சொன்னேன். மன்னிச்சிருங்கம்மா என்றேன். யூனிஃபார்ம் போட்ட காலத்தில் நான் அதிகம் சொல்லாத வார்த்தை அது.

அவர் பையைக் கை மாற்றிக்கொண்டார். பிறகு சொன்னார்.

"உசுர கேட்டேன், குடுத்துட்டீங்க. தம்பியையும் சேத்துக் கேக்கணும்னு எனக்குத் தெரியாமப் போச்சு சார்."

நான் தலை குனிந்து நின்றேன். கிளம்பலாமா, நிற்கலாமா என்று தெரியவில்லை. அவர் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"கடலூருதான போறீங்க? என்னக் கேப்பர் மலையில ஜெயிலாண்ட எறக்கி வுடுங்க. பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு."

என் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். ஜெயில் வாசலில் இறங்கி உள்ளே போனார். நான் போகாமல் அங்கேயே நின்றேன். கைதிகளைப் பார்க்க வந்தவர்கள் மர நிழலில் பையும் பிள்ளையுமாக உட்கார்ந்திருந்தார்கள். எத்தனையோ பேரை அந்த வாசல் வழியாக உள்ளே அனுப்பியிருக்கிறேன். அந்த நிழலில் ஒருநாளும் நின்றதில்லை.

அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தார். மற்ற வாரங்களில் பத்து நிமிடத்தில் வந்துவிடுவார் என்று பிறகு சொன்னார்.

"வந்தானா?" என்று கேட்டேன்.

"எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னு சொல்லி அனுப்புனேன், வந்தான் சார். கம்பிக்கு அந்தாண்ட நின்னுகினு கீழயே பாத்தான். ஒண்ணும் பேசல. நீங்கதான் கொண்டாந்து வுட்டீங்க, வாசல்ல நிக்கிறீங்கன்னு சொன்னேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டும்தான். "அப்பத்தான் சார் வாயத் தொறந்தான். 'அக்கா, அந்த ஆள நம்பாத. நீ இனிமே பஸ்ஸுலயே வா'ன்னான்."